தீவை இழந்தவர்களும் தீவை அளந்தவர்களும்

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, அவாய்த் தீவுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட பெரும் நீர்ப்பரப்பில் மார்சல் தீவுகள் என்றொரு சிறு நாடு இருக்கின்றது. முருகைக்கற்களால் ஆன 29 வளையத்தீவுகளும் 5 தனித்தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. அதன் தரைப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 181 சதுர கிலோமீற்றர்தான். எமது முல்லைத்தீவு மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் அது வராது. அந்தத் தீவுகளுள் ஒன்றின் பெயரை மட்டும் உலகம் முழுவதும் அறியும். பிகினி என்பதே அப்பெயர். ஆனால் பெண்களின் நீச்சல் உடையொன்றின் பெயராகவே உலகம் அதனை அறிந்திருக்கிறது. 1946 ஜூலையில் பிகினியில் அணுகுண்டு வெடித்துச் சில நாட்களில், பாரிஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் அச்செய்தியின் பரபரப்பைத் தன் புதிய உடைக்குப் பெயராக்கிக் கொண்டார். ஒரு மக்கள் கூட்டம் தன் ஊரை மட்டுமல்ல, ஊரின் பெயரையும் இழந்த கதை இது.

ஒட்டுசுட்டான் பகுதியிலே ஒரு கிராமப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன் நான். கதிர்த்தொழிற்பாடு பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஹிரோஷிமா, நாகசாகி என்ற இரு பெயர்களோடு பாடம் முடிந்துவிடுகிறது. குண்டு வெடித்த பிறகு மண்ணிலும் மீனிலும் கிணற்று நீரிலும் என்ன நடந்தது, அதனை யார் அளந்தார்கள், அளந்ததை யாருக்குச் சொன்னார்கள் என்பதெல்லாம் பாடநூலில் இடம்பெறுவதில்லை. இடம்பெயர்வையும் மீள்குடியேற்றத்தையும் வாழ்ந்து பார்த்த எங்களுக்கு அந்தக் கேள்விகள்தாம் மிக நெருக்கமானவை என்பதால் அவ்வரலாற்றை இங்கு எழுத முனைகிறேன்.

தற்காலிகம் என்று சொல்லி

மார்சல் தீவுகள் முதலில் ஜேர்மனியிடமும், முதலாம் உலக யுத்தத்தின் பின் ஜப்பானிடமும், 1944 இல் ஐக்கிய அமெரிக்காவிடமும் கைமாறின. 1947 இல் ஐக்கிய நாடுகள் சபை அவற்றைப் பொறுப்பாட்சிப் பிரதேசமாக அமெரிக்காவிடமே ஒப்படைத்தது. அதாவது, அந்த மக்களைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நாடே அங்கு குண்டுகளை வெடிக்கவும் செய்தது.

1946 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்த கையோடு, அமெரிக்கக் கடற்படையின் கொமடோர் பென் வையற் பிகினி மக்களைக் கூட்டிவைத்துப் பேசினார். மனிதகுலத்தின் நன்மைக்காகவும் எல்லா யுத்தங்களுக்கும் முடிவு காண்பதற்காகவும் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர முடியுமா என்பது அவருடைய கேள்வி. தலைவர் ஜூடா இறைவன் மேல் பாரத்தைப் போட்டு உடன்பட்டார். ஆயுதம் தாங்கியவர்கள் கேட்கும்போது சம்மதம் என்பதற்கு என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத்தில் 167 பேர் ரொங்கரிக் என்ற தீவில் இறக்கப்பட்டனர். அங்கே தென்னையும் தாழையும் போதாது, பசி வாட்டியது. 1948 இல் அங்கிருந்து குவாஜலின் தீவுக்கும், அவ்வாண்டு நவம்பரில் கிலித் தீவுக்கும் மாற்றப்பட்டனர். கிலித் தீவுக்குக் களப்பு இல்லை. களப்பை நம்பி மீன்பிடித்த சமூகம், அலை அடித்துக்கொண்டேயிருக்கும் ஒரு திறந்த கரையில் கொண்டுபோய் விடப்பட்டது. 1947 டிசெம்பரில் எனிவெடொக் மக்களும் உஜெலாங் என்ற சிறு தீவுக்கு அகற்றப்பட்டனர்.

1946 தொடக்கம் 1958 வரை பிகினியிலும் எனிவெடொக்கிலுமாக 67 அணுவாயுதச் சோதனைகள் நடத்தப்பட்டன.

தன்னைத் தானே படம்பிடித்த மீன்

முதற் சோதனைகளோடு அளப்பவர்களும் வந்துவிட்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மீனியலாளர் லோரன் டொனல்ட்சனின் குழுவினர் 1946 இலேயே பிகினிக் களப்பில் மீன், பாசி, நண்டு, சிப்பி எனச் சேகரிக்கத் தொடங்கினர். கடலுக்கு அடியில் ஜூலை 25 ஆம் திகதி வெடிக்கவைக்கப்பட்ட இரண்டாவது குண்டு, களப்பின் அடிச்சேற்றையும் நீரையும் வாரி எறிந்து அங்கு நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களை நனைத்திருந்தது. கழுவியும் சுரண்டியும் பார்த்தார்கள், கதிர்வீச்சு போகவில்லை.

அக்காலத்தில் எடுக்கப்பட்ட சில படங்கள் முக்கியமானவை. களப்பிற் பிடித்த மீனைப் பிளந்து உலர்த்தி, ஒளிபடாத இடத்தில் ஒளிப்படத் தகட்டின்மீது வைத்தபோது, எந்த வெளிச்சமும் இல்லாமலே அதன் உருவம் தகட்டிற் பதிந்தது. மீனின் உடலிலிருந்த கதிர்வீச்சே அதைப் படமாக்கிவிட்டது. குடலும் ஈரலும் இருந்த இடங்கள் அழுத்தமாகத் தெரிந்தன. நீரிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து அதை மேயும் மீனுக்கு, அந்த மீனிலிருந்து அதைத் தின்னும் மீனுக்கு என நஞ்சு படியேறும் வழியை இத்தகைய ஆய்வுகளே முதன்முதலிற் காட்டின. உணவுச் சங்கிலி என்று இன்று பிள்ளைகளுக்கு நாங்கள் கற்பிக்கும் பாடத்தின் ஒரு பகுதி, ஊரவர்கள் வெளியேற்றப்பட்ட அந்தக் களப்பில் எழுதப்பட்டதே.

ஆனால் அந்த அறிவு யாருடைய களப்பிலிருந்து பெறப்பட்டதோ அவர்களிடம் போய்ச் சேரவில்லை. அவர்கள் அப்போது ரொங்கரிக்கிலே பசியோடிருந்தார்கள்.

துறைமுகத்தில் அளந்த நாடு

1954 மார்ச் 1 ஆம் திகதி அதிகாலை பிகினியில் 'பிராவோ' என்ற ஐதரசன் குண்டு வெடித்தது. கணக்கிட்டிருந்ததைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வலுவோடு, 15 மெகாதொன் அளவில், அதாவது ஹிரோஷிமாக் குண்டைப் போல் சுமார் 1000 மடங்காக அது வெடித்தது. பொடியாகிப்போன முருகைக்கல் வெண்சாம்பலாகக் கிழக்கே பரவியது. ரொங்கலப் தீவுப் பிள்ளைகள் மழையும் பனியும் போல விழுந்த அந்தச் சாம்பலில் விளையாடினார்கள். மழைநீர்த் தொட்டிகளிலும் அது விழுந்தது. இரண்டு நாட்களுக்குப் பிறகே அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அதற்குள் வாந்தியும், தோல் வெந்ததுபோன்ற புண்களும் வந்துவிட்டன. பின்னர் முடி உதிர்ந்தது.

அறிவிக்கப்பட்ட அபாய வலயத்துக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் இலக்க அதிர்ஷ்ட டிராகன்' என்ற ஜப்பானியப் படகின்மீதும் அதே சாம்பல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டெம்பர் 23 ஆம் திகதி காலமானார். அதன் பிறகு ஜப்பான் என்ன செய்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. துறைமுகங்களில் ஒவ்வொரு படகின் மீனையும் கைகர் எண்ணிகளால் சோதித்தார்கள். 800க்கும் மேற்பட்ட படகுகளின் மீன்கள் மாசுபட்டவையெனக் கழித்துக் கொட்டப்பட்டன. 'சுன்கொட்சு மாரு' என்ற ஆய்வுக் கப்பல் பிகினிக்கு அண்டிய கடலுக்கே சென்று, பெருங்கடலின் நீர் மாசைக் கரைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் என்ற எண்ணம் பிழையென்று கண்டு திரும்பியது. ஆயினும் அவ்வாண்டு முடிவோடு மீன் சோதனையை ஜப்பானிய அரசு நிறுத்திவிட்டது. அமெரிக்கச் சோதனைகளோ தொடர்ந்தன.

அந்நாட்களில் கடல்நீரிற் சீசியத்தின் அளவைத் துல்லியமாகக் கண்டறியும் வேலையில் ஈடுபட்டிருந்தவர் கட்சுகோ சருஹாஷி என்ற பெண் விஞ்ஞானி. டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண் இவரே (1957). ஜப்பானியக் கரையோரத்தில் இவரது குழுவினர் கண்ட அளவுகள் தங்கள் அளவுகளைவிட அதிகமாக இருந்ததால், அமெரிக்க விஞ்ஞானிகள் நம்ப மறுத்தனர். 1962 இல் அவர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்துக்குச் சென்று, தியடோர் ஃபொல்சம் என்பவரோடு ஒரே நீர் மாதிரிகளை ஒப்பிட்டு அளந்தார். சருஹாஷியின் முறை துல்லியமானதென்று ஃபொல்சமே ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட தரப்பின் அளவீட்டை மற்றத் தரப்பு தன் சொந்த ஆய்வுகூடத்தில் வைத்து ஏற்றுக்கொண்ட அபூர்வ நிகழ்வு இது. ஜப்பானிடம் பல்கலைக்கழகம் இருந்தது, கருவி இருந்தது, கப்பல் இருந்தது. ரொங்கலப் மக்களிடம் இவற்றில் எதுவும் இருக்கவில்லை.

அளக்கப்பட்ட மனிதர்கள்

ரொங்கலப் மக்கள் வைத்தியத்துக்காகக் கொண்டுசெல்லப்பட்ட நாள் முதலே ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டனர். 'திட்டம் 4.1' என்பது அவ்வாய்வின் பெயர். 1957 இல், தீவு பாதுகாப்பானது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் கூட்டமொன்றில் மெரில் ஐசன்பட் என்ற அதிகாரி பேசியது பின்னர் வெளிவந்தது. மாசுபட்ட இடத்தில் வாழும் மனிதர்களின் உடல் எவ்வளவை உள்ளெடுக்கிறது என்று அளப்பது சுவாரசியமாக இருக்கும் என்றும், அவர்கள் நாகரிக மனிதர்களைப் போல வாழாவிட்டாலும் எலிகளைவிட எங்களுக்கு நெருக்கமானவர்களே என்றும் அவர் கூறியிருக்கிறார். எழுத்திற் பதிவான கூற்று இது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆண்டுதோறும் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்து வைத்தியர்கள் வந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்களுள் பெரும்பாலானோருக்குக் காலப்போக்கிலே தைரொயிட் கட்டிகள் தோன்றின. குண்டு வெடித்தபோது ஒரு வயதுக் குழந்தையாயிருந்த ஒருவன் 1972 இல், 19 ஆவது வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தான். வந்தவர்கள் தங்களைக் குணப்படுத்த வந்தார்களா, படிக்க வந்தார்களா என்ற சந்தேகம் அந்த மக்களுக்கு இன்றுவரை தீரவில்லை.

இளநீருக்குள் வந்த சீசியம்

பிகினி மக்களின் திரும்புதல் இன்னொரு பாடம். 1968 இல் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன், பிகினி வாழத் தகுந்தது என்று அறிவித்தார். இடிபாடுகளை அகற்றினார்கள், தென்னைகளை வரிசையாக நட்டார்கள், வீடுகள் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. நிலத்துக்கு மேலே கருவி காட்டிய கதிர்வீச்சு குறைவாகவே இருந்தது. நிலத்துக்குள்ளிருந்து உணவு வழியாக என்ன வரும் என்பது பற்றிய கணக்குத்தான் தவறியிருந்தது.

சீசியமும் பொட்டாசியமும் இரசாயன இயல்பில் உறவினர்கள். வேர் இரண்டையும் இலகுவிற் பிரித்தறியாது. எங்கள் வயல்களுக்குப் பொட்டாசியம் உரம் போடுகிறோம். ஆனால் முருகைக்கல் மண்ணிற் பொட்டாசியம் மிகக் குறைவு. பசித்திருக்கும் தென்னை கிடைத்த சீசியத்தை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவைத்தது. தாழம்பழத்திலும் ஈரப்பலாவிலும் தென்னை நண்டிலும் அதுவே நிகழ்ந்தது. கடல்நீரிற் பொட்டாசியம் ஏராளமாக இருப்பதால், களப்பு மீனில் ஏறிய சீசியம் இவற்றோடு ஒப்பிடக் குறைவுதான். ஆகவே குண்டு வெடித்த களப்பின் மீனைவிட, கரையில் நின்ற தென்னையே அந்த மக்களுக்கு அதிக ஆபத்தாயிற்று. 1975 இல் சில கிணறுகளின் நீரும் குடிக்கத் தகாதது எனக் காணப்பட்டது. 1978 இல் மக்களின் உடலிற் சேர்ந்திருந்த சீசியம் அனுமதிக்கத்தக்க எல்லையை மீறியது தெரிந்தபோது, பிகினியை மீண்டும் காலி செய்தார்கள். ஊர் திரும்பியவர்களை ஊரிலிருந்து இரண்டாம் முறையும் ஏற்றிச் சென்றார்கள்.

இவ்விடத்தில் எனது ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 ஜனவரிக்கு முன்னரே நாங்கள் ஒட்டுசுட்டானை விட்டுக் கிழக்கே நடந்துவிட்டோம். முகாம் வாழ்வு முடிந்து திரும்பியபோது ஊரின் வாசலில் எங்களை வரவேற்றவை மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளே. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று எழுதிய ஒரு தாளை நம்பித்தான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினோம். கிணற்றை இறைத்தோம், குளோரின் தூவினோம், தெளிந்த நீரைப் பார்த்துக் குடித்தோம். எங்களது ஆபத்து பிகினியின் ஆபத்தைப் போன்றதன்று. ஆயினும், நாம் சரிபார்க்க முடியாத ஒரு தாளின் பெயரில் வீடு திரும்புவது எப்படியிருக்கும் என்பதை வன்னியில் வாழ்பவர்கள் அறிவார்கள். 1990 ஒக்டோபரில் எமது மாவட்டத்துத் தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இரண்டு தசாப்தங்களைக் கழித்து, புதர் மண்டிய வளவுகளுக்குத் திரும்பிய முஸ்லிம் மக்களும் அறிவார்கள்.

தங்கள் மொழியிற் கிடைத்த கணக்கு

1978 இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் மார்சல் தீவுகளின் வடபகுதியை ஆராய்ந்தது. அதன் பெறுபேறுகளை 1982 இல் ஆங்கிலத்திலும் மார்சலிய மொழியிலுமாக ஒரு சிறு நூலாக வெளியிட்டது. வேறு எந்த அறிக்கையும் செய்யாததை இந்நூல் செய்தது. ரொங்கலப் மக்கள் தங்கள் வளையத்தீவின் சில பகுதிகள், ஆட்கள் அகற்றப்பட்ட பிகினியோடு ஒப்பிடத்தக்க அளவு மாசுபட்டிருப்பதைத் தாங்களே படித்தறிந்தார்கள். 25 ஆண்டுகளாக அவர்கள் அந்த மண்ணிலே உண்டு, உறங்கி, பிள்ளை பெற்றிருந்தார்கள்.

வெளியேற உதவுமாறு கேட்டார்கள், அமெரிக்கா உதவவில்லை. 1985 மே மாதத்தில் கிறீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வொரியர்' கப்பல் 300க்கும் மேற்பட்ட மக்களையும் அவர்களது வீட்டுப் பலகைகளையும் ஏற்றி மெஜாற்றோ என்ற தீவில் இறக்கியது. அதே கப்பலைத்தான் அவ்வாண்டு ஜூலையில் பிரெஞ்சு உளவுத்துறையினர் நியூசிலாந்தின் ஒக்லாண்ட் துறைமுகத்திற் குண்டு வைத்து மூழ்கடித்தனர்.

இந்தப் புறப்பாட்டை நான் தோல்வியாகக் கருதவில்லை. முன்னைய பயணங்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். 1985 இல் முதன்முறையாக அந்த மக்களே தீர்மானித்தார்கள். அதற்குக் காரணமாயிருந்தது அவர்களுடைய மொழியில் அச்சிடப்பட்ட ஓர் அளவீட்டு நூல்.

ரூனிட் குவிமாடம்

எனிவெடொக் வளையத்திலுள்ள ரூனிட் என்ற தீவு இன்று அதிகம் பேசப்படுகிறது. 1958 மே மாதத்தில் அங்கு வெடித்த 18 கிலோதொன் குண்டு, நூறு மீற்றருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள ஒரு குழியை உண்டாக்கியது. 1977 தொடக்கம் 1980 வரை சுமார் 4000 அமெரிக்கப் படையினர் ஏனைய தீவுகளின் மாசுபட்ட மண்ணை வாரி அந்தக் குழியில் நிரப்பினார்கள். ஏறத்தாழ 73,000 கன மீற்றர் மண்ணும் இடிபாடுகளும் அதற்குள் போயின. மேலே 358 கொங்கிரீட் துண்டுகளால், 46 சென்ரிமீற்றர் தடிப்பில், ஒரு குவிமாடம் கட்டி மூடினார்கள். அடியில் எதுவும் போடவில்லை. வெயிலில் மேற்சட்டையில்லாமல் வேலை செய்த அந்த இளம் படையினருள் நோயுற்றவர்களின் கோரிக்கை, 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே ஏற்கப்பட்டது.

அடி மூடப்படாததன் பொருள் யாழ்ப்பாணத்தவருக்கும் கற்பிட்டியாருக்கும் உடனே விளங்கும். சுண்ணாம்புக்கல்லிலும் மணலிலும் மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. அளவறிந்து இறைத்தால் நன்னீர் வரும், மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். முருகைத்தீவின் நிலத்தடி நீரும் அப்படித்தான். அதற்கு மேலாக, கல்லின் துளைகளூடாகக் கடல் உள்ளே மூச்சுவிடுகிறது. வற்றுப்பெருக்குக்கேற்ப ரூனிட் குவிமாடத்தின் அடியிலும் நிலத்தடி நீர் ஏறி இறங்குகிறது. அங்கே புதைக்கப்பட்டுள்ள புளூட்டோனியம்-239 இன் அரை வாழ்வுக் காலம் சுமார் 24,000 ஆண்டுகள். எங்கள் பண்டைய குளக்கட்டுகளின் வயது இரண்டாயிரம் ஆண்டு என்று பெருமைப்படுகிறோம். அதைப்போல் 12 மடங்கு காலம் சென்றாலும் பாதிதான் குறைந்திருக்கும்.

2012 இல் அமெரிக்க கொங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம், குவிமாடத்தின் வெளிப்புறத்தையும் அதனைச் சூழ்ந்த நிலத்தடி நீரையும் காலத்துக்குக் காலம் ஆராய வேண்டுமென எரிசக்தித் திணைக்களத்தைப் பணித்தது. 2020 இல் அத்திணைக்களம் அளித்த அறிக்கை, குவிமாடம் உடனடியாக இடிந்துவிழும் நிலையில் இல்லை என்றது. களப்பின் அடிச்சேற்றில் ஏற்கனவே கிடக்கும் புளூட்டோனியத்தோடு ஒப்பிட்டால் குவிமாடத்துக்குள் இருப்பது சிறு அளவே என்றும் அது சொன்னது. இதனை வெறும் மறைப்பு என்று தள்ளிவிட முடியாது. வூட்ஸ் ஹோல் சமுத்திரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கென் பியூசெலரும் அவரது குழுவினரும் 2015 இல் அங்கு சென்று, கடல்நீர், அடிச்சேறு, நிலத்தடி நீர் மூன்றையும் அளந்தார்கள். கசியும் நிலத்தடி நீரைவிடக் களப்பின் அடிச்சேறே முதன்மையான ஊற்று என்ற முடிவுக்கே அவர்களும் வந்தார்கள். களப்பு நீரிற் புளூட்டோனியம், சூழவுள்ள பசுபிக்கைப் போல் 100 மடங்கு அல்லது அதற்கு மேல் இருக்கிறது. எனினும் நீருக்கான சர்வதேச நியமங்களை அது மீறவில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் நம்பவில்லை? 1957 இல் ரொங்கலப் பாதுகாப்பானது என்று சொன்னவர்களும், 1968 இல் பிகினி பாதுகாப்பானது என்று சொன்னவர்களும், இன்று ரூனிட் பற்றிச் சொல்பவர்களும் ஒரே நாட்டின் அரசாங்கத்தாரே. இரண்டு முறை பொய்த்த வாக்கு மூன்றாம் முறை உண்மையாக வரும்போது, அதை ஐயுறுபவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீங்கிய வெடிப்புகளோடு நிற்கும் கொங்கிரீட்டும், ஏறிவரும் கடல்மட்டமும் அந்த ஐயத்தை வளர்க்கின்றன.

இதற்கிடையே நம்பிக்கை தரும் ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 2001 முதல் எனிவெடொக்கில் முழு உடலளவைக் கருவி ஒன்று இயங்கி வந்திருக்கிறது. ஒருவர் அதன் கதிரையிற் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் போதும், உடலிலுள்ள சீசியத்தின் அளவு தெரியும். லோரன்ஸ் லிவமோர் ஆய்வுகூடம் அமைத்ததெனினும், பயிற்சி பெற்ற மார்சலியரே அதனை இயக்கினர். தன் ஊர்ப் பெடியன் இயக்கும் கருவி தன் உடலைப்பற்றிச் சொல்வதைக் கேட்பதற்கும், ஆண்டுக்கொருமுறை வந்து இரத்தம் எடுத்துச் செல்பவனிடம் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஹேக் நகரில் ஓர் இலங்கையர்

1995 நவம்பரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில், அணுவாயுதங்கள் சட்டபூர்வமானவையா என்ற விசாரணையின்போது, ரொங்கலப்பின் லிஜோன் எக்னிலாங் சாட்சியமளித்தார். குண்டு வெடித்தபோது அவருக்கு எட்டு வயது. தான் இழந்த கருக்களைப் பற்றியும், தன் தீவுப் பெண்கள் பெற்ற உருக்குலைந்த சிசுக்களைப் பற்றியும் அவர் கூறினார். நீதிபதிகள் வரிசையில் எங்கள் நாட்டவரான கிறிஸ்தோபர் வீரமந்திரி இருந்தார். 1996 ஜூலை 8 ஆம் திகதி நீதிமன்றம் தடுமாறி ஓர் ஆலோசனையைக் கூறியது. எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதம் சட்டவிரோதமே என்று வீரமந்திரி தனது நீண்ட மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். எக்னிலாங்கின் சாட்சியத்தை அத்தீர்ப்பில் இடம்பெறச் செய்தார். இஸ்லாமியச் சட்டவியல் பற்றித் தனி நூல் எழுதிய அறிஞர் அவர். அடுத்த ஆண்டு தன்யூப் நதி அணை வழக்கில், அபிவிருத்தியையும் சூழலையும் இணைத்துப் பேணலாம் என்பதற்கு இலங்கையின் பழைய குளங்களை உதாரணமாகக் காட்டியவரும் அவரே.

2014 இல் மார்சல் தீவுகள் அரசு, அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள்மீது வழக்குத் தொடுத்தது. ஒன்பது வயதில், பாட்டனாரோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது பிராவோவின் வெளிச்சத்தைக் கண்ட ரொனி டி பிரம் அப்போது வெளிநாட்டமைச்சர். இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா ஆகிய மூன்றின் மீதான வழக்குகள் மட்டுமே விசாரணைக்கு வந்தன. 2016 ஒக்டோபர் 5 ஆம் திகதி அவையும் தள்ளுபடியாயின. பிரித்தானிய வழக்கில் வாக்குகள் எட்டுக்கு எட்டு எனச் சமமாகி, தலைவரின் மேலதிக வாக்கே முடிவு செய்தது. நட்டஈட்டின் கதையும் இவ்வாறே. 1986 இல் ஒதுக்கப்பட்ட நிதி 150 மில்லியன் டொலர். நட்டஈட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய மொத்தத் தொகை 2 பில்லியனுக்கும் மேல். நிதி தீர்ந்துபோனது, தீர்ப்புகள் தாளில் நிற்கின்றன.

எமது கரைக்கு முதற் கணக்கு

எங்கள் கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்றோடு மொனசைற்றும் கலந்திருக்கிறது. மொனசைற்றில் தோரியம் உண்டு. இது இயற்கையின் கொடை, எவரும் கொண்டுவந்து கொட்டியதன்று. தோரியம் மிகுந்த தோரியனைற் என்ற கனிமம் இலங்கையிலேதான் 1904 இல் ஆனந்த குமாரசுவாமியின் கண்ணிற் பட்டது. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த அவர் அந்நாளில் இலங்கையின் கனிமவியல் ஆய்வுப் பணிப்பாளர். ஆகவே, கதிர்வீச்சு எமது மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இடத்துக்கிடம் அது கூடிக் குறைவதும் இயல்பே.

அதனாலேயே முன்கூட்டிய அளவீடு அவசியமாகிறது. பாக்கு நீரிணைக்கும் மன்னார்க் குடாவுக்கும் அப்பால் கூடங்குளத்தில் 2013 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. அங்கு விபத்து நேரும் என்று நான் சொல்லவில்லை. நேர்ந்தாலும் நேராவிட்டாலும், இன்று எமது கிணற்று நீரில் எவ்வளவு, எமது சூரையிலும் நண்டிலும் எவ்வளவு என்ற கணக்கு இப்போதே எழுதப்பட்டிருந்தால்தான், நாளை ஒருவர் வந்து இது முன்பிருந்ததே என்றோ, இது புதிதாய் வந்தது என்றோ கூறும்போது எம்மால் மறுத்துப் பேசவோ ஏற்கவோ முடியும். இலங்கை அணுசக்திச் சபை அளவீடுகள் செய்கிறது. அந்தக் கணக்குகள் தமிழில், கிராமத்து மீனவர் சங்கத்தின் சுவரில் ஒட்டக்கூடிய எளிமையில் வரவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணற்றின் மாதிரியைத் தாங்களே எடுத்து அனுப்பவும், பெறுபேற்றைத் தாங்களே பெற்று வாசிக்கவும் வழியிருக்க வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கையல்ல இது. ரொங்கலப் மக்களுக்கு அது கிடைக்க 1954 இலிருந்து 1982 வரை, 28 ஆண்டுகள் பிடித்தன.